மேல்மலை மரக்குடிலில் இரண்டு இரவு: பதிவு செய்வது முதல் சாவியை ஒப்படைப்பது வரை

கொடைக்கானல் நகரைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி என்று நீளும் பகுதியை ஊர்க்காரர்கள் மேல்மலை என்பார்கள். அந்தச் சாலையை ஒட்டி மரக்குடில் முகாம்கள் இருக்கின்றன. சரிவில் பத்துப் பன்னிரண்டு குடில்கள், நடுவில் நெருப்புக் குழி, ஒரு பக்கம் கயிற்றுச் சறுக்கு (ஜிப்லைன்), வலைப்பாலம், ஊஞ்சல் என்று சிறிய விளையாட்டுப் பூங்கா. பெரும்பாலும் இதுதான் அமைப்பு.

அப்படி ஒரு முகாமில் சாவி கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் பட்ட அவதியில் பாதிக்குமேல் ஒரே காரணத்தால் வந்தது: இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார்கள். பழுதான வெந்நீர்க் குழாய், ஈரக் கம்பளி, குரங்கு பிரித்த ஜன்னல் எல்லாமே வெளிச்சத்தில் பத்து நிமிட வேலை. இரவு ஒன்பது மணிக்குப் பனிமூட்டத்தில் அவை ஒவ்வொன்றும் ஒரு சண்டை. ஆகவே கீழே உள்ள வரிசை முழுவதும் மாலை நான்கு மணியிலிருந்து பின்னோக்கி எண்ணியது.

1. முதலில் மாதம், பிறகு தேதி

ஏப்ரல், மே இரண்டும் பள்ளி விடுமுறை மாதங்கள். வெயிலுக்குத் தப்பி வருகிறவர்கள் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்தே வாகன வரிசையில் நிற்பார்கள். வேறு வழியில்லாவிட்டால் செவ்வாய், புதன் பாருங்கள்.

அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு இதுதான் பெருமழை. மண் சரியும், மரம் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது சாய்ந்த மரங்கள் சாலைகளை அடைத்துக்கொண்டன. இந்த மாதங்களில் வருவதாக இருந்தால், சாலை மூடப்பட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உறைபனி. விடிகாலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும். பார்க்க அழகு, பச்சைக் குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பாடு. என்னைக் கேட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய உள்ள காலம். கூட்டம் குறைவு, வானம் தெளிவு. ஒரே குறை, அது காட்டுத்தீக் காலம். சில முகாம்களில் நெருப்புக் குழியை மூடி வைத்திருப்பார்கள்.

2. பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேளுங்கள்

படத்தைப் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். படம் எடுக்கப்பட்ட நாளில் வெயில் அடித்தது, அவ்வளவுதான். நேராகப் பேசினால் ஐந்து நிமிடத்தில் இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி அனுமதி. தங்கும் விடுதி நடத்த உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, தீயணைப்புத் துறைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். அனுமதியில்லாத கூடாரங்களுக்கும் குடில்களுக்கும் அதிகாரிகள் சீல் வைப்பது இந்த மலையில் புதிதல்ல. வைக்கும் நாளில் நீங்கள் உள்ளே இருந்தால் பெட்டியோடு வெளியே நிற்பீர்கள்.

இரண்டாவது, தார்ச்சாலையிலிருந்து குடில் எவ்வளவு தூரம், அந்த வழியில் உங்கள் வண்டி போகுமா என்பது. 'பக்கம்தான்' என்ற பதிலை ஏற்காதீர்கள். மலைக்காரருக்கு ஒரு கிலோமீட்டர் ஏற்றமும் பக்கம்தான். தாழ்வான கார் என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். ஜீப் ஏற்பாடு அவர்களுடையதா, கட்டணம் தனியா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

பிறகு வெந்நீர். சூரியசக்தியில் சூடாகிறது என்றால் பனிமூட்ட நாளில் வெறும் பச்சைத் தண்ணீர்தான். மின்சார கீசர் என்றால் மின்தடையில் வராது. விறகு பாய்லரில் காய்ச்சி வாளியில் கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லும் இடத்தை நம்பலாம். என் அனுபவத்தில் அதுதான் ஒருநாளும் ஏமாற்றாதது. எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை குடிலோடு சேர்ந்ததா, தள்ளி இருக்கும் பொதுக் கழிப்பறையா என்பதை வயதானவர்கள் வருவதாக இருந்தால் முதல் கேள்வியாகவே கேளுங்கள். மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் எவை எரியும், ஆளுக்கு எத்தனை கம்பளி, நெருப்பு மூட்டுவதற்கும் கூடுதல் படுக்கைக்கும் எவ்வளவு என்பவற்றைக் கடைசியில் கேட்டு, பதில்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். கணக்குத் தீர்க்கும் நாளில் அது உதவும்.

3. இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். கட்டணம் கிடையாது. அரசின் இணையதளத்தில் கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் வந்துவிடும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை.

இதைத் தங்குமிடம் உறுதியான பிறகு செய்யுங்கள், முகவரி கேட்கும். ஆனால் முதல் நாள் இரவுவரை தள்ளிப் போடாதீர்கள். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு இருக்கும் காலத்தில் பிந்தியவருக்கு இடமில்லை.

அடிக்கடி நடக்கும் பிழை: சொந்தக் காருக்குப் பாஸ் எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மைத்துனரின் பெரிய வண்டியில் வருவது. பாஸ் வண்டி எண்ணுக்கு உரியது. வண்டி மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். பாஸைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நிற்கும்போது இணையம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

4. மூட்டை கட்டும்போது

குளிருக்கு ஒரு தடித்த சுவெட்டரைவிட இரண்டு மெல்லிய கம்பளிச் சட்டைகள் மேல். ஒன்று நனைந்தாலும் மற்றது இருக்கும். ஜீன்ஸ் மட்டும் எடுத்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நனைந்த ஜீன்ஸ் இங்கே இரண்டு நாளானாலும் காயாது. தூங்குவதற்கென்று ஒரு ஜோடிக் காலுறையைத் தனியாக, ஈரம் படாமல் பொதிந்து வையுங்கள். கால் சூடாக இருந்தால்தான் தூக்கம் வரும்.

ஆளுக்கொரு டார்ச். கைபேசி விளக்கு போதாது. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், கைபேசியோ அவசரத்துக்கு வேண்டும்.

மருந்துப் பையில் வழக்கமான மாத்திரைகளோடு, இழுப்பு உள்ளவர்களின் இன்ஹேலரை மறக்காதீர்கள். மேல்மலைக் கிராமங்களில் இரவில் மருந்துக்கடையைத் தேடி அலைய முடியாது. வளைவுகளில் குமட்டுகிறவர்களுக்கு மாத்திரையை மலை ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். எங்கள் பக்கத்து வழக்கம் இஞ்சி மரப்பா.

ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசியில் பணம் அனுப்ப முடியாது.

எடுத்து வரக் கூடாதவை: சின்னத் தண்ணீர் பாட்டில்கள். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் குப்பிகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய்ச் சீசாவை எடுத்து வரலாம், ஆனால் காலையில் அது கல்லாகியிருக்கும். தலைக்குத் தடவ வெந்நீரில் நிறுத்தி உருக்க வேண்டும். வாய் அகன்ற டப்பாவில் கொண்டு வந்தால் கரண்டியால் சுரண்டியாவது எடுக்கலாம்.

5. நேரக் கணக்கு

குடிலுக்கு மாலை நான்கு மணிக்குள் வந்துவிட வேண்டும். இதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மன்னவனூர்ப் பக்கம் என்றால் கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ., ஒன்றரை மணி நேரம். ஆகவே கொடைக்கானலை இரண்டேகால் மணிக்கு விட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏற இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எனவே வத்தலக்குண்டை பதினொரு மணிக்கு விடுங்கள். மதுரைக்காரர்கள் ஒன்பது மணிக்குள் வீட்டைப் பூட்டினால் சரியாக இருக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் செய்யும் பிழை, விடியற்காலையில் புறப்பட்டு ஒரே மூச்சில் மேல்மலைக்கு வரப் பார்ப்பது. நாள் முழுதும் ஓட்டிக் களைத்த கையோடு, இருட்டில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவார்கள். இரவு ரயிலில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி அங்கிருந்து வண்டி பிடிக்கலாம். கொடைக்கானல் நகரம் அங்கிருந்து 80 கி.மீ. இல்லையென்றால் திண்டுக்கல்லில் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

(ஊட்டிப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். மைசூரிலிருந்து வந்தால் ஒன்று கூடுதல்: பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.)

காய்கறி, பால், ரொட்டி எல்லாவற்றையும் வத்தலக்குண்டிலேயே வாங்கிவிடுங்கள். பூண்டு மட்டும் வேண்டாம். பூம்பாறையில் வீட்டு வாசல்களில் மலைப்பூண்டு கொத்துக்கொத்தாகத் தொங்கும், அதைவிட நல்லது கீழே கிடைக்காது. பெட்ரோலைக் கொடைக்கானல் நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேல்மலையில் பங்க்கைத் தேடாதீர்கள்.

6. மலைச்சாலையும் கடைசி இறக்கமும்

ஏறும் வண்டிக்கே வழி உரிமை. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. பனிமூட்டம் இறங்கினால் விளக்கைத் தாழ்த்துங்கள். உயர்த்தினால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும். நான்கு பக்க விளக்கையும் மினுக்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பலர். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்பப் போகிறீர்களா என்று தெரியாது. அது நின்றுவிட்ட வண்டிக்கான விளக்கு.

கடைசி மண்பாதைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி முகாமுக்குப் பேசுங்கள். சிக்னல் இருக்கும் கடைசி மேடு எது என்று முன்பே கேட்டு வைத்திருந்தால் நல்லது. வழிகாட்டும் வரைபடம் இந்த இடத்தில் ஆளை ஏமாற்றும். ஒருமுறை ஒரு குடும்பம் அது காட்டிய வழியில் இறங்கி, கேரட் தோட்டத்துக்குள் கார் அச்சு வரை புதைந்து நின்றது. இழுக்க டிராக்டர் வரும்போது மணி பத்து.

சரிவில் நிறுத்தும்போது கைப்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். முன்பக்கம் மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் பின்கியர். சக்கரத்துக்கு ஒரு கல். காருக்குள் பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் வெளியே தெரியும்படி இருக்கக் கூடாது. கண்ணாடியை விரற்கடை அளவு திறந்து வைத்தாலும் குரங்கு அதில் கையை விட்டு ரப்பரைப் பிய்க்கும்.

7. சாவி வாங்கியதும் முதல் இருபது நிமிடம்

பெரும்பாலானவர்கள் சாவியை வாங்கியதும் பெட்டிகளைப் போட்டுவிட்டுப் படமெடுக்கப் போய்விடுவார்கள். படம் நாளைக்கும் எடுக்கலாம். வெளிச்சமும் பணியாளரும் இருக்கும்போதே இவற்றைப் பாருங்கள்.

கம்பளியை எடுத்து முகத்தில் வைத்துப் பாருங்கள். கையால் தொட்டால் குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, கன்னத்தில் தெரிந்துவிடும். பூஞ்சை வாடை அடித்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்குக் கேட்டால் காய்ந்த கம்பளி கிடைக்கும். எட்டு மணிக்குக் கேட்டால் அது வேறொரு குடிலுக்குப் போயிருக்கும். மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இரவில் பலகைச் சுவரின் உட்புறம் வியர்க்கும், ஒட்டிக் கிடக்கும் மெத்தை நனையும்.

வெந்நீர்க் குழாயைத் திறந்து, சூடாகும்வரை நின்று பாருங்கள். கீசர் கேஸில் ஓடுவதாக இருந்தால், அது குளியலறைக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருந்தால், குளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜன்னலே இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அந்தக் குடிலை வாங்கவே வேண்டாம்.

ஒவ்வொரு ஜன்னலின் கொக்கியையும் போட்டுப் பாருங்கள். மரம் ஈரத்தில் உப்பி, சட்டத்தில் உட்காராமல் நிற்கும். குரங்குக்கு அந்த இடுக்கு போதும்.

ரூம் ஹீட்டர் கொடுத்தால் அதைப் பெரிய பிளக்கில் மட்டுமே செருகுங்கள். 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும்; சின்னப் பிளக் 6 ஆம்பியருக்கானது. வயர் சூடாகி, மரச்சுவரில் நெருப்பு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டரின் மேல் காலுறை காயப் போடுவதும் அதே வகை. தீயணைப்பான் எங்கே தொங்குகிறது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

8. சமையல் உள்ள குடில் என்றால்

இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்கப் பார்த்து, ஒரு சிலிண்டரைத் தீர்த்தவர்கள் உண்டு. குக்கர் கட்டாயம். பருப்பையும் பயறையும் காலையிலேயே ஊறப் போடுங்கள்.

இட்லி மாவை இங்கே வந்து புளிக்க வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குளிரில் இரண்டு நாளானாலும் பொங்காது. வீட்டிலேயே புளித்த மாவைக் கொண்டுவந்தால் இரண்டாம் நாள் வரை அப்படியே நிற்கும். குளிரால் வரும் ஒரே சமையல் லாபம் இதுதான். மாவு, மிளகாய்ப் பொடி டப்பாக்களைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். கீழே அடைத்த காற்று மேலே வந்து உப்பியிருக்கும். சிப்ஸ் பாக்கெட் பலூன் போல நிற்பதும் அதனால்தான்.

சின்ன கேன் அடுப்பைக் கொண்டு வருகிறவர்கள், உறைபனி நாளில் அது சரியாக எரியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் இருக்கும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திக்கொள்ளும். இரவில் கேனைக் குடிலுக்குள் வைத்திருந்து காலையில் எடுத்தால் எரியும். நெருப்பில் காட்டிச் சூடாக்கவே கூடாது.

9. நெருப்பு வெளியே, எப்போதும் வெளியே

நெருப்பை முகாமில் அதற்கென்று உள்ள குழியில்தான் மூட்ட வேண்டும். விறகையும் அவர்களிடமே வாங்குங்கள். பக்கத்துக் காட்டில் சுள்ளி பொறுக்கப் போனால், அது காப்புக்காடாக இருந்தால் வனத்துறை வழக்குப் போடும். தூங்கப் போகும்போது மண்ணைத் தள்ளி மூடுவது போதாது, உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது.

இனி இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது. கரிச்சட்டியை, இறைச்சி சுட்ட அடுப்பை, அது அணைந்தது போலத் தெரிந்தாலும், குடிலுக்குள் கொண்டு போகாதீர்கள்.

ஒரு டிசம்பர் இரவு, எட்டரை இருக்கும். வெந்நீர் வாளி கொடுக்கப் போனேன். கதவைத் திறக்க நேரமானது. திறந்தபோது உள்ளே கதகதப்பாக இருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், முன்னிரவில் கோழி சுட்ட சட்டியில் தணல் சிவப்பாக இருந்தது. ஜன்னல் இடுக்குகளில் துண்டுகளைத் திணித்து வைத்திருந்தார்கள். சிறுமி ஒருத்தி தலை வலிக்கிறது என்று பாட்டியின் மடியில் கிடந்தாள். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தைலம் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்" என்றேன்.

பெரியவருக்குக் கோபம். "புகையே இல்லையே தம்பி, பிள்ளைக்குக் குளிருமே."

புகை இல்லாததுதான் சிக்கல். கரி தணலாக இருக்கும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சு வழியாக ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழ முடியாது. கொடைக்கானலிலேயே இப்படிச் சுற்றுலா வந்தவர்கள் இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. அன்று அந்தச் சிறுமி வெளியே உட்கார்ந்த அரைமணி நேரத்தில் தேறி, பால் கேட்டாள். வாளி கொடுக்க நான் ஒன்பதரைக்குப் போயிருந்தால் என்ன என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

ஒரே குடிலில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணத்தை யோசித்துக்கொண்டிருக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். யாராவது எழுப்பியும் எழவில்லை என்றால் காற்றோட்டத்துக்கு இழுத்து வந்து 108-ஐ அழையுங்கள். குளிருக்குக் கரி வேண்டாம். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னலை விரற்கடை அளவு திறந்து, கொக்கியோடு கயிறு கட்டித் தூங்குங்கள்.

10. இரவில் வெளியே போகும்போது

காட்டுமாடு இந்த மலையில் வீட்டு வாசலுக்கே வரும். ஓர் ஆள் உயரம், கால் முட்டிக்குக் கீழே வெள்ளை. புல் மேய்ந்துகொண்டிருக்கும்போது சாதுவாகத் தெரியும். அதை நம்பிப் படமெடுக்கக் கிட்டப் போகிறவர்களைத்தான் முட்டுகிறது. கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். எதிரே பார்த்துவிட்டால் முதுகைக் காட்டி ஓடாமல், மெல்லப் பின்வாங்கி, அது போக வழி விடுங்கள்.

மீந்த சாப்பாட்டை வாசலில் கொட்டினால் காட்டுப்பன்றி வரும். குப்பையைக் கட்டி, முகாமின் மூடிய தொட்டியில் போடுங்கள். நீலகிரியில், குறிப்பாகக் கோத்தகிரிப் பக்கம், கரடி இதற்காகவே கதவை உடைக்கும். எண்ணெய் வாடை அதற்குப் பிடிக்கும்.

மழை மாதங்களில் அட்டை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல், உப்பு வைத்தால் தானே விழும்.

11. மறுநாள் விளையாட்டுகள்

பெரும்பாலான முகாம்களில் கயிற்றுச் சறுக்கு காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும். முதல் ஆளாகப் போய் நிற்காதீர்கள். இரவுப் பனியில் கயிறும் மேடையும் நனைந்திருக்கும். பணியாளர் இரண்டு சுற்று வெறும் கப்பியை ஓட்டிப் பார்த்த பிறகு ஏறுங்கள். அவர் அப்படிப் பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள்.

இடுப்பு வாரைப் பிள்ளைக்குக் கட்டும்போது சுவெட்டருக்கு மேல் கட்டியிருந்தால் தளர்ந்திருக்கும். சுவெட்டரைத் தூக்கிவிட்டு, இடுப்பு எலும்புக்கு மேலாகக் கட்டச் சொல்லி, வாருக்கும் உடம்புக்கும் நடுவில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். விரித்த கை நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. தலைக்கவசமும் அப்படித்தான், நெற்றியைவிட்டுப் பின்னால் சரிந்த கவசம் தொப்பிக்குச் சமம்.

இந்த வேலையெல்லாம் மதியத்துக்குள் முடியட்டும். பிற்பகலில் மூட்டம் இறங்கினால் எதிர்முனையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். நல்ல முகாம் என்றால் அவர்களே நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்குப் பிறகு பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலுக்கோ மன்னவனூர் ஏரிக்கோ போய்வரலாம். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அதை நகரில் காலையிலேயே வாங்க வேண்டியிருப்பதால், இரண்டு இரவுப் பயணத்தில் அதைச் சேர்க்காமல் விடுவதே நிம்மதி.

12. கிளம்பும் காலை

உறைபனி நாளில் காரின் முன்கண்ணாடி வெள்ளையாக மூடியிருக்கும். வெந்நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். என்ஜினை ஓடவிட்டு, உள்ளே காற்றைச் சூட்டில் வைத்து, பழைய அட்டையால் வழித்துவிடுங்கள்.

கணக்கைக் காலை உணவுக்கு முன்பே கேளுங்கள். கூட்டமில்லாத நேரம், விறகு, படுக்கை, ஜீப் ஒவ்வொன்றையும் குறுஞ்செய்தியோடு ஒப்பிட நிதானம் இருக்கும். கொண்டுவந்த பிளாஸ்டிக் உறைகளை ஒரு பையில் கட்டிக் கீழே எடுத்துப் போய்விடுங்கள்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெருமாள்மலையில் ஒருமுறை நிறுத்தித் தேநீர் குடிப்பது வண்டிக்கும் நல்லது.

சாவியை மட்டும், பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், மேசையில் வைத்துவிடுங்கள். குளிரில் எல்லோரும் அதைச் சுவெட்டர் பையில்தான் போட்டிருப்பார்கள். மலை இறங்கி, காமக்காபட்டியில் வெயில் சுட்டு, சுவெட்டரைக் கழற்றும்போது கையில் தட்டுப்படும். என் நான்கு ஆண்டுகளில் பதினோரு சாவிகள் வத்தலக்குண்டிலிருந்து பேருந்து நடத்துநர்கள் கையில் மேலே திரும்பி வந்தன.